காப்பு கட்டுறதுக்குள்ள எல்லை தாண்டணும்: கல்வராயன் மலையில் மூன்று மாதம்

மலேசியாவில் வசந்தம் என்று ஒன்று கிடையாது. வெயில் அடிக்கும், மழை கொட்டும், மறுபடி வெயில் அடிக்கும், வருடம் முடிந்துவிடும். ஈப்போவில் பிறந்து வளர்ந்த எனக்கு மாசியும் பங்குனியும் கோயில் நாட்காட்டியில் பார்க்கிற பெயர்கள்தான். ஊட்டச்சத்துப் படிப்பை முடித்த கையோடு, வேலைக்குப் போவதற்கு முன் எங்காவது தொண்டு செய்யலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். தமிழ்நாட்டில் ஒரு சிறிய அமைப்பு பதில் போட்டது. பிப்ரவரி நடுவில் வரலாம், மே நடுவில் திரும்பலாம், கல்வராயன் மலையில் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் கவனிக்கிற வேலை, சம்பளம் கிடையாது, தங்க இடமும் சாப்பாடும் உண்டு. நான் யோசிக்காமல் சரி என்றேன். யோசித்ததெல்லாம் அம்மாதான். விமான நிலையத்தில் கடைசியாக அவர் சொன்னது, அங்கே போயாவது வாயைக் கொஞ்சம் அடக்கு என்பது.

ஊருக்குத் திரும்பியதிலிருந்து "நாங்களும் போகலாமா, எப்படிப் போவது" என்று கேட்டுப் பலர் எழுதுகிறீர்கள். அதனால் வழி, செலவு, நேரம் எல்லாவற்றையும் எழுதுகிறேன். கூடவே நான் செய்த ஒரு தப்பையும் எழுதப்போகிறேன். என் வேண்டுதல், அந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

சென்னையில் இறங்கி ஒரு நாள் தூங்கி எழுந்து, மறுநாள் காலை 7.20க்குக் கிளாம்பாக்கத்தில் சேலம் பேருந்து ஏறினேன். கள்ளக்குறிச்சிக்கு 240 ரூபாய் கொடுத்தேன். விழுப்புரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். உளுந்தூர்பேட்டையில் பத்து நிமிடம் நின்றது. பக்கத்து இருக்கைக்காரர் திருநாவலூர் கோயிலுக்குப் போகிறவர், அங்கே இறங்கிக்கொண்டார். கள்ளக்குறிச்சியில் இறங்கியபோது மணி 12.35. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வாளி, டார்ச், கொசுவலை, பூட்டு இந்த நான்கையும் கள்ளக்குறிச்சியிலேயே வாங்கிவிடுங்கள். பேருந்து நிலையத்தைச் சுற்றி எல்லாம் கிடைக்கும். நான் கோலாலம்பூரிலிருந்து வாளியைத் தவிர மற்றதெல்லாம் சுமந்து வந்து முட்டாளானேன்.

மலைக்குப் போகிற பேருந்து 2.15க்கு. டிக்கெட் 45 ரூபாய். கச்சிராயபாளையம் வரை சமவெளி, கரும்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும். கோமுகி அணையைத் தாண்டினால் மலைப்பாதை. ஜன்னலோரம் உட்காருங்கள், ஆனால் கையை வெளியே நீட்டாதீர்கள், மூங்கில் கீறும். 4.05க்குக் கரியாலூர். அங்கிருந்து எங்கள் ஊருக்கு 11 கிலோமீட்டர். ஊர் பெயரை எழுத வேண்டாம் என்று ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. அருவி பார்க்க வருகிறவர்கள் பாட்டில் போட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது அவருடைய வருத்தம்.

அந்த 11 கிலோமீட்டருக்கு ஏழுமலை அண்ணனின் ஜீப்தான். தலைக்கு 50 ரூபாய். அன்றைக்குப் பதினான்கு பேரும் இரண்டு மூட்டை உரமும் நானும் ஏறினோம். 55 நிமிடம் ஆனது. நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று அவர் கேட்டார். சொன்னேன். சம்பளம் எவ்வளவு என்றார். இல்லை என்றேன். கியரை மாற்றிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சம்பளம் இல்லாத வேலைக்கு ப்ளேன் புடிச்சி வந்த மொத ஆளு நீதாம்மா," என்றார். ஜீப் முழுக்கச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஊட்டச்சத்து மையத்துக்குப் பின்னால் ஓடு போட்ட ஒரே அறை எனக்கு. காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவேன். எழாவிட்டால் சேவல் விடாது. பிப்ரவரியில் அந்த நேரத்துக்குப் பல் கிட்டும் குளிர். ஆறு மணிக்குத் தொட்டியில் தண்ணீர் விடுவார்கள், இரண்டு குடம் பிடிக்க வேண்டும். என்னால் ஒரு குடம்தான் தூக்க முடிந்தது, அதுவும் வழியில் பாதி கொட்டிவிடும். முதல் வாரம் முழுவதும் ஊரே அதை வேடிக்கை பார்த்தது. செல்பேசிக்குச் சிக்னல் அந்தத் தண்ணீர்த் தொட்டி மேட்டில் மட்டும் கிடைக்கும். அதனால் வரிசையில் நிற்கும்போதே அம்மாவுக்கு ஒரு செய்தி போட்டுவிடுவேன். ஏழரைக்கு மேல் வீடு வீடாகப் போவேன். குழந்தைகளுக்கு எடை பார்ப்பது, கர்ப்பிணிகள் இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கினார்களா இல்லை கூரையில் செருகினார்களா என்று விசாரிப்பது, கரியாலூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்குத் துணை போவது, இதுதான் வேலை. மதியம் சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. சில நாள் கேழ்வரகுக் களி. முதல் தடவை களியை மென்று பார்த்து மாட்டிக்கொண்டேன். அதை விழுங்க வேண்டும்.

வேலை நடக்கும் விதத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். முதல் இரண்டு வாரம் நான் பெண்களை மையத்துக்கு வரச்சொல்லிக் கூட்டம் போட்டேன். வந்தவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். அப்புறம்தான் புளிக் காலம் தொடங்கியது. மாசிக் கடைசியிலிருந்து பங்குனி முழுக்க அந்த மலையில் எல்லாமே புளிதான். ஆண்கள் மரமேறி உலுக்குவார்கள். பெண்கள் மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்பார்கள். நான் போய் நின்று கீரையைப் பற்றிப் பேசினால் யாரும் நிமிர்ந்தே பார்க்கமாட்டார்கள். ஒரு நாள் யாரோ ஒரு சுத்தியலை என் கையில் கொடுத்தார்கள். உட்கார்ந்து தட்டத் தொடங்கினேன். அன்றைக்குத்தான் யாருக்கு மயக்கம் வருகிறது, யார் வீட்டுக் குழந்தை பால் குடிக்க மறுக்கிறது என்று எல்லாம் தானாக வந்து விழுந்தது. விரல் நகத்துக்கடியில் புளி ஏறி ஒரு மாதம் எரிந்தது. ஆனால் எங்கள் அமைப்பின் பதிவேட்டில் அந்த மாதம்போல் எந்த மாதமும் நிறையவில்லை.

வசந்தம் என்ன என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். புங்கமரம் ஒரு வாரத்தில் மொட்டையாகி அடுத்த வாரம் பளபளவென்று துளிர்விட்டது. மாம்பூ வாசம் அறைக்குள் வந்தது. பலாவில் பிஞ்சு காய்த்துத் தொங்கியது. ஞாயிறு விடுமுறை. ஒரு ஞாயிறு கள்ளக்குறிச்சி போய், அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் பேருந்தில் திருக்கோவிலூர் போய் வந்தேன். தென்பெண்ணையில் மணல்தான் இருந்தது, கோயில் கோபுரம் மனதை நிறைத்தது. கரியாலூருக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டுமானால் மூன்று மணிக்குள் கள்ளக்குறிச்சி திரும்பிவிடுங்கள்.

இனி அலமேலு. வயது இருபத்திரண்டு. புளி தட்டும் வட்டத்தில் என் பக்கத்தில் உட்காருவாள், நான் உடைக்கும் புளியில் பாதி கொட்டையோடு இருப்பதை ஒன்றும் சொல்லாமல் எடுத்துச் சரிசெய்வாள். ஒன்பதாம் மாதம். கணவன் சக்திவேல் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் அவளும் மாமியார் பச்சையம்மாவும்தான். மூன்று வருடத்துக்கு முன் முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை என்று பதிவேட்டில் ஒரு வரி இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

பங்குனியில் ஒரு நாள் அவளைக் கரியாலூருக்கு அழைத்துப்போனேன். ரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, குழந்தை தலை திரும்பவில்லை, வலி வரும்வரை காத்திருக்காமல் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவமனையில் முன்கூட்டியே சேர்ந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வருகிற வாரம் திங்கள் முதல் எந்த நாளும் போகலாம், வெள்ளிக்குள் கண்டிப்பாகப் போயாக வேண்டும். தேதியை என்னையே குறிக்கச் சொன்னார். நான் வியாழன் என்று குறித்தேன்.

ஏன் வியாழன்? அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை ஊர் மாரியம்மன் கோயிலில் காப்புக் கட்டு. அதை நான் பார்க்க வேண்டும், படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். புதன்கிழமை ஓய்வு. வியாழன் கிளம்பினால் எல்லாம் சரியாக வரும். இவ்வளவுதான் என் கணக்கு. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

காப்புக் கட்டு எனக்குப் புதிதில்லை. எங்கள் ஊர்க் கோயிலிலும் தீமிதிக்கு முன் காப்பு கட்டுவார்கள். நேர்ந்துகொண்டவர் கையில் மஞ்சள் கயிறு, அவர் விரதம் இருப்பார், மற்றவர்கள் அவரவர் வேலைக்குப் போவார்கள். எனக்குத் தெரிந்த விஷயம் என்பதால் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தெரியாதவனாவது கேட்டுத் தெரிந்துகொள்வான். அரைகுறையாகத் தெரிந்தவளுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

பச்சையம்மா தினமும் வந்து, எப்போது கீழே போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். குடம் பிடிக்கும்போது கேட்பார், புளி தட்டும்போது கேட்பார். டாக்டர் சொன்னபடி போகிறோம், கவலைப்படாதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். நாள் எது என்று சொல்லவில்லை. மருமகள்மேல் இருக்கிற அக்கறையில் நச்சரிக்கிறார் என்று நினைத்து ஒரு நாள் சலித்தும்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் 2.40. கோயிலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அலமேலுவின் வீட்டு வாசலில் உட்கார்ந்து, வியாழக்கிழமைக்கு எடுத்துவைக்க வேண்டிய துணிகளை அவளிடம் சொல்லிச் சொல்லி ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். பச்சையம்மா அரைத்துக்கொண்டிருந்த மாவை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"வியாழக்கெழமையா? இன்னிக்கு காப்பு கட்டிட்டா எட்டு நாளைக்கு ஊரவுட்டு யாரும் வெளிய ராத் தங்க மாட்டோமே," என்றார்.

கையில் இருந்த தாளைப் பார்த்தேன். அங்கே காப்பு ஓர் ஆளுக்குக் கட்டுவதில்லை, ஊருக்கே கட்டுவது. கயிறு அம்மன் கையில் ஏறிவிட்டால் எட்டாம் நாள் அதை அவிழ்க்கும்வரை ஊரில் இருப்பவர்கள் பகலில் எங்கே போனாலும் இரவுக்குள் எல்லைக்குள் திரும்பிவிட வேண்டும். காப்புக்கு முன்பே வெளியே இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் வெளியிலேயே இருந்துகொள்ளலாம். சின்னக் குழந்தைக்குக்கூட அங்கே இது தெரியும். எனக்குத்தான் தெரியாது.

நான் அலமேலுவைப் பார்த்தேன். "நீ வருவேதானே? டாக்டர் சொல்லியிருக்கார்," என்றேன்.

அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள், வர முடியாது என்று. "போன வாட்டியும் காப்புலதான்க்கா வலி வந்திச்சி," என்றாள். காப்பை மீறிப் போக அவள் துணியவில்லை.

கோபத்தில் எனக்குக் கண் மண் தெரியவில்லை. என்மேல் வர வேண்டிய கோபம், அதை எடுத்துக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனேன். ஊர்க்கவுண்டருக்கு நாற்பது வயது இருக்கும். ஏணியில் நின்று வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தார். கீழே நின்று நான் வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினேன். ஒரு கயிற்றுக்காக ஓர் உயிரைப் பணயம் வைப்பீர்களா, இதுதான் உங்கள் சாமியா என்றெல்லாம் கேட்டேன். தோரணம் கட்டியவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். ஏணியைப் பிடித்திருந்தவர் மட்டும், கவுண்டர் விழுந்துவிடக் கூடாதே என்று பிடியை விடவில்லை.

அவர் மெதுவாக இறங்கி வந்தார்.

"காப்பு ஆறு மணிக்கு. இப்ப மணி இன்னாம்மா?"

"மூணு."

"மூணு மணி நேரம் கெடக்குது. அதுக்குள்ள எல்லையத் தாண்டிட்டா அவங்களுக்குக் காப்பு கெடையாது. கூப்டுகினு போறத வுட்டுட்டு இங்க நின்னு கத்திகினு கீறியே."

என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை, ஜீப் எங்கே என்று பின்னால் யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஜீப் கரியாலூருக்குப் போயிருந்தது, பூவும் மைக் செட்டும் எடுத்துவர. நான்கு மணிக்கு வந்துவிடும் என்றார்கள். வந்தாலும் கிளம்ப முடியாது என்றார் பச்சையம்மா, செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை ராகு காலம், பிள்ளைத்தாய்ச்சி படி தாண்டக் கூடாது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பையைக் கட்டினேன். தொட்டி மேட்டுக்கு ஓடி சக்திவேலுக்குப் போன் செய்தேன். அவர் திருவிழாவுக்காகக் குடகிலிருந்து வந்துகொண்டிருந்தார், கள்ளக்குறிச்சியில் மலைப் பேருந்துக்காக நின்றிருந்தார். மேலே ஏற வேண்டாம், அங்கேயே இருங்கள், நாங்கள் வருகிறோம் என்றேன். சரிங்க என்று மட்டும் சொன்னார். அவர் ஊர்த் திருவிழாவுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

நாலரை ஆனது. ஜீப் இல்லை. ஐந்து ஆனது. மேளக்காரர்கள் பம்பைக்குச் சூடு காட்ட நெருப்பு மூட்டினார்கள். அலமேலு புடவை மாற்றிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வீட்டுக்கு ஒருவராவது ஊரில் இருந்து மாவிளக்கு போட வேண்டும், அதனால் பச்சையம்மா வர முடியாது. அவர் வீட்டுக்குள்ளும் வெளியிலும் நடந்துகொண்டே இருந்தார். ஐந்து இருபத்தைந்துக்கு ஜீப் வந்தது. மைக் செட்காரர் தாமதம் செய்துவிட்டாராம். ஏழுமலை அண்ணன் இறங்குவதற்குள் ஊரே சேர்ந்து பெட்டிகளை இறக்கியது. பின் இருக்கையில் இரண்டு மெத்தை போட்டார்கள்.

கிளம்பும்போது ஊர்க்கவுண்டர் ஜீப்பின் பக்கத்தில் வந்தார். எல்லை நான்கு கிலோமீட்டர் தள்ளி, ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் நட்டிருக்கும் கல். அங்கே போன் எடுக்காது.

"கல்லத் தாண்டிட்டு மூணு வாட்டி நீட்டி ஹாரன் அடி. கேட்டதுக்கு அப்பறம் கட்டறோம். வண்டிய வெரட்டாத, புள்ளத்தாச்சி," என்றார் ஏழுமலை அண்ணனிடம்.

மணி 5.40. வேகமாகப் போனால் அவளுக்கு ஆபத்து, மெதுவாகப் போனால் காப்பு நேரம் தப்பும். ஒவ்வொரு பள்ளத்திலும் ஏழுமலை அண்ணன் வண்டியை நிறுத்தி, இறக்கி, ஏற்றினார். ஆறு மணி ஆனபோது பாதி தூரம்கூட வரவில்லை. அலமேலு என் கையைப் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"மோளம் இன்னும் கேக்கலக்கா," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே சொன்னாள்.

6.14க்குக் கல்லைத் தாண்டினோம். ஏழுமலை அண்ணன் வண்டியை நிறுத்தி மூன்று முறை நீட்டி ஹாரன் அடித்தார். எங்கும் ஒரு சத்தமும் இல்லை. ஓடைத் தண்ணீர் மட்டும் கேட்டது. அப்புறம் மேலே, நான்கு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், பம்பை மேளம் ஆரம்பித்தது. முந்நூறு பேர் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, நல்ல நேரம் நழுவுவதைப் பார்த்துக்கொண்டு, இவளுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். அலமேலு அழுதாள். நானும் அழுதேன். ஏழுமலை அண்ணன் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி எதையோ துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

கள்ளக்குறிச்சிக்கு இரவு எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தோம். சக்திவேல் மருத்துவமனை வாசலில் நின்றிருந்தார், திருவிழாவுக்கு வாங்கிய புதுச் சட்டைப் பையோடு. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அலமேலுவுக்கு வலி கண்டது. ரத்த அழுத்தம் ஏறியது, அறுவை சிகிச்சைக்கு எடுத்துப்போனார்கள். 10.20க்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ நானூறு கிராம். பிறந்ததும் அழவில்லையாம். ஒரு நர்ஸ் தலைகீழாகப் பிடித்து முதுகைத் தேய்க்க, அப்புறம்தான் அழுததாம். வலி மலையில் வந்திருந்தால், அந்த ரோட்டில் இந்த நேரத்துக்கு எங்கே வந்திருப்போம் என்று யோசித்துப் பார்த்தேன். கரியாலூரைத் தாண்டியிருந்தாலே அதிகம்.

காப்பு அவிழும்வரை எட்டு நாளும் நாங்கள் மூவரும் கள்ளக்குறிச்சியில் இருந்தோம். நான் காப்புக் கட்டையும் பார்க்கவில்லை, தீமிதியையும் பார்க்கவில்லை. அம்மாவுக்கு அனுப்பியது குழந்தையின் படம் ஒன்றுதான். காப்பு அவிழ்த்த மறுநாள், புதன்கிழமை, முதல் பேருந்தில் பச்சையம்மா வந்துவிட்டார். குழந்தையைக் கையில் வாங்கி, அரை மணி நேரம் கீழே விடாமல் உட்கார்ந்திருந்தார்.

அதற்கடுத்த ஞாயிறு ஊர் திரும்பினோம். அன்று மாலை திருவிழா முடிந்த ஊர்க்கூட்டம். வழக்கமாக வரவு செலவு படிப்பார்கள், பெண்கள் ஓரமாக நிற்பார்கள், பேசமாட்டார்கள். அன்றைக்குப் பச்சையம்மா எழுந்து நடுவில் வந்து நின்றார். புடவை நுனியைச் சுருட்டிக்கொண்டே தொடங்கினார்.

"மூணு வருசத்துக்கு முன்னால இவளுக்கு வலி வந்தப்ப யாரும் தடுக்கல. கவுண்டரு போன்னுதான் சொன்னாரு. நாந்தான், காப்பு அவுக்க ரெண்டு நாளு கீது, பொறுத்துக்கன்னு சொன்னேன். அந்தப் புள்ள போச்சி. யாரும் என்ன ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா தேவல," என்றார்.

அலமேலு தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.  ஒரு வாரம் தினமும் என்னிடம் நாள் கேட்டுக்கொண்டிருந்த பெண்மணி இவர்தான். நான் ஒரு முறை, ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம்.

இனிமேல் காப்புக்கு நாள் வைக்கும் முன்பு, மாசமாக இருப்பவர்கள் யார் யார் என்று சுகாதார நிலைய நர்சம்மாவைக் கேட்டுவிட்டு, அவர்களை முதலில் கீழே அனுப்பிவிட்டுத்தான் கயிற்றை எடுக்க வேண்டும் என்று பச்சையம்மா கேட்டார். கூட்டத்தில் கொஞ்சம் சலசலப்பு. பழைய வழக்கத்தில் கை வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். வழக்கத்தில் ஒன்றும் மாற்றமில்லை, முன்னால் ஒரு வேலை சேர்கிறது, அவ்வளவுதானே என்றார் ஊர்க்கவுண்டர். நோட்டில் எழுதினார்கள். அதோடு பச்சையம்மா போய்ப் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது உங்களுக்கு வேண்டிய விவரங்கள். மலைக்குச் சுற்றிப் பார்க்க மட்டும் வருகிறவர்களுக்கு மாசியும் பங்குனியும்தான் நல்ல மாதங்கள். காலையில் ஒரு ஸ்வெட்டர், மதியம் ஒரு தொப்பி போதும். அருவிகளில் தண்ணீர் குறைவாகத்தான் இருக்கும், அதற்கு ஐப்பசி, கார்த்திகையில் வாருங்கள். கரியாலூரிலேயே தங்கிக்கொள்வது நல்லது, உள்ளூர்களுக்கு ஜீப் கிடைப்பது அன்றைக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். தொண்டுக்கு வருகிறவர்கள் விசா விஷயத்தை அழைக்கும் அமைப்பிடம் இரண்டு மாதத்துக்கு முன்பே பேசிவிடுங்கள், சுற்றுலா விசாவில் மூன்று மாத வேலை செய்ய முடியாது. தமிழ் தெரியும் என்ற தைரியத்தில் போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன். மொழி தெரிந்தால் ஊர் தெரிந்துவிட்டதாக நமக்கு ஒரு நினைப்பு வந்துவிடுகிறது. எந்தத் தேதியையும் குறிக்கும் முன் அந்த வாரம் ஊரில் என்ன நடக்கிறது என்று நான்கு பேரைக் கேளுங்கள். உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று தோன்றினால் எட்டுப் பேரைக் கேளுங்கள்.

மூன்று மாதத்தில் அங்கே என்ன மாற்றினாய் என்று இங்கே நண்பர்கள் கேட்கிறார்கள். நான் ஒரு தேதியைத் தப்பாகக் குறித்தேன், அவ்வளவுதான். மாற்றியது பச்சையம்மா. போன வாரம் நர்சம்மா செய்தி அனுப்பியிருந்தார். பக்கத்து ஊரில் ஆடித் திருவிழாவுக்குக் காப்பு கட்டப்போகிறார்களாம், விஷயம் அங்கேயும் போயிருக்கிறது. காப்புக்கு நான்கு நாள் முன்பே இரண்டு கர்ப்பிணிகளைக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்பிவிட்டார்களாம். ஜீப்பில் அவர்களுக்குத் துணையாக, பேத்தியைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனது பச்சையம்மாதானாம்.